சிவப்பு மையில் முளைத்த மீசை

நாகமணிக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்று எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் முதன்முதலில் சொன்னவள் நான்தான். அவனுக்கு மீசை உண்டு, லோரி ஓட்டுகிறான், அழகாகச் சீட்டியடிப்பான் என்று விவரமாகவே சொன்னேன். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆனால் நான் பொய்யும் சொல்லவில்லை. பத்திரிகையில் அச்சாகி வந்ததைப் படித்துத்தான் சொன்னேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் சின்னத்தாய். தோட்டத்து ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற வேலை. கித்தாமரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுக்கப் போகிற அம்மாக்கள் விடிவதற்கு முன்பே குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். விடும்போது வீட்டுக் கதையையும் சேர்த்தே விடுவார்கள். ஆகவே தோட்டத்துச் செய்தி எதுவானாலும் என்னைத் தாண்டிப் போக முடியாது. கோலா சிலாங்கூர் பட்டணத்தில் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் ஞாயிறு பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுகிற பொறுப்பும் என் தலையில் இருந்தது. ஞாயிறு மதியம் தொட்டில்களை எல்லாம் மேலே சுருட்டிக் கட்டிவிடுவேன். பத்துப் பதினைந்து பெண்கள் சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். கொலைச் செய்தி முதலில், சினிமா இரண்டாவது, ராசிபலன் மூன்றாவது. கவிதைக்கு யாரும் காது கொடுத்ததில்லை, நாகமணியின் பெயர் வருகிற வரைக்கும்.

நாகமணி எனக்கு ஐந்து வயது இளையவள். இதே தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த கையோடு அம்மாவுடன் மரம் வெட்டப் போனவள். நல்ல உயரம். பேச்சு குறைவு. இரண்டு தடவை பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு தடவையும் தேநீர்த் தட்டை வந்தவர்கள் முன்னால் வைத்துவிட்டுப் புறவாசல் வழியாகப் போனவள், அவர்கள் பேருந்து ஏறிய பிறகுதான் திரும்பி வந்தாள். அம்மா இறந்த பிறகு அவளைக் கட்டாயப்படுத்த ஆளில்லை. படிப்பு என்றால் பைத்தியம். வடை சுற்றிவந்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள்.

கவிதை எழுதுகிறாள் என்றால் மேசை நாற்காலி போட்டு எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்துக்கு மரம் நடக்கும்போது மனதுக்குள்ளேயே கட்டுவாள், கலைப்பாள், திரும்பவும் கட்டுவாள். சரியாக வந்துவிட்டது என்று தோன்றியதும் சனிக்கிழமை சாயங்காலம் கோடு போட்ட தாளில் ஒரே மூச்சில் எழுதி, உறையிலிட்டு, முச்சந்தியில் மதார் சாகிபு கடையில் கொடுத்துவிடுவாள். கடைக்காரர் அதைத் தபாலில் சேர்ப்பார். நகல் எடுத்து வைப்பதில்லை. கேட்டால், “அதான் மனசுல இருக்கேக்கா” என்பாள். இந்த ஒரு பழக்கம் பின்னால் அவளை எவ்வளவு தூரம் அலைய வைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் லெட்சுமி. சுங்கை பெசாரில் நெல்வயல் பக்கம் பிறந்து எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. 1979-இல் நிர்வாகம், தனியாக இருக்கிற இரண்டு பெண்களுக்கு இரண்டு வீடு எதற்கு என்று லெட்சுமியை நாகமணி வீட்டில் குடிவைத்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். லெட்சுமி குள்ளம், உருண்டை முகம், கோபமும் சிரிப்பும் நொடிக்கு நொடி மாறும். பள்ளிக்கூடம் போனதில்லை. அவளிடம் ஒரு வினோதம் உண்டு: சீட்டியடிப்பாள். ரப்பர்க் காட்டில் இருவருக்கும் அடுத்தடுத்த நிரை, அதாவது மரவரிசை. காலைப் பனியில் பக்கத்து மரம்கூடத் தெரியாது. அப்போது லெட்சுமியின் சீட்டி வரும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்தார். “வாய் எனக்கு, காத்து கடவுளுக்கு, ஒங்களுக்கு என்னா மண்டோரே?” என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இரண்டு பெண்கள் சேர்ந்து இருப்பதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசியதில்லை. துணைக்குத் துணை என்றோம், அவ்வளவுதான். ஒரு ஆணும் பெண்ணும் பேருந்துக்குக் காத்திருக்கும்போது பத்து நிமிடம் பேசிவிட்டால் பத்து நாள் அதையே பேசுகிற கூட்டம் நாங்கள். ஆறு வருடமாக ஒரே பாயில் படுத்து, ஒரே வாளியில் கை கழுவி, ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. கண் இருந்து என்ன பயன், சொல்லுங்கள்.

1985 மார்ச்சில் முதல் கவிதை வந்தது. ‘நாகமணி, கோலா சிலாங்கூர்’ என்ற பெயரைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் முன்வரிசைப் பிள்ளை ஒன்று அழுதுவிட்டது. எல்லோரையும் அடக்கிவிட்டுப் படித்தேன். இந்த இரண்டு வரி எல்லோர் மனதிலும் நின்றது.

*முறுக்கிய மீசைக்குள் சிரிப்பை ஒளித்து*
*நான் ஆற்றிய தேநீரை அருந்துகிறாய் நீ.*

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகமணியின் முகம் வெளிறிப்போனதை நான் கவனித்தேன். வெட்கம் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். லெட்சுமி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். “இன்னொரு வாட்டி படிங்கக்கா” என்றாள். படித்தேன்.

இரண்டு மாதம் கழித்து இன்னொன்று.

*மழை நாளில் உன் லோரி வரவில்லை.*
*கூரை ஒழுகும் வீட்டில் தனியாக நான்.*

அவ்வளவுதான். ஆயக்கொட்டகை துப்பறியும் இலாகா ஆகிவிட்டது. மீசை இருக்கிறது, லோரி இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு வருகிற லோரி ஒன்றே ஒன்றுதான், ரப்பர்ப் பால் ஏற்றிப்போகிற லோரி. ஓட்டுகிறவர் அழகேசன். ஐம்பது வயது, நான்கு பிள்ளைகள், தொப்பை ஸ்டீயரிங்கில் இடிக்கும். மீசை என்னவோ உண்டு. “இவனா?” என்று எல்லோருக்கும் மனம் உடைந்தது. இருந்தாலும் விட மனமில்லாமல் அந்த மனிதரை நாங்கள் பார்த்த பார்வையில், மனிதர் பால் ஸ்டோரிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவது கவிதை ஆகஸ்டில் வந்தது.

*பனி மூடிய காட்டில் உன் சீட்டி கேட்கிறது.*
*காத்திருக்கிறேன் மன்னவா, மாலையோடு வா.*

மறுநாளே அழகேசனை நிறுத்தி, “எங்க, ஒரு சீட்டி அடிங்க பாப்போம்” என்று கேட்டவளும் நான்தான். பாவம், முன்பல் இரண்டு இல்லாத வாய். காற்றுதான் வந்தது. அன்று சாயங்காலமே அவர் மனைவி லயத்துக்கு வந்து என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டியது நியாயம்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். லெட்சுமி சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நாகமணிக்குக் கல்யாணம் கூடிவரப் போகிறது, யாரிடம் சொல்லிப் பந்தல் போடுவது என்பதிலேயே என் புத்தி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு லெட்சுமியின் குரல்.

“சனிக்கெழம அண்ணன் கோலா குபு பாருலேருந்து வராரு. நான் போறேன். ஆபீஸ் கிராணிகிட்ட வேலைக் கணக்குலேருந்து எம்பேர எடுக்கச் சொல்லிட்டேன்.”

“எதுக்குடி?”

“எதுக்கா? மாலையோட வா, மன்னவா வான்னு ஊருக்கே பத்திரிகை போட்டாச்சு. வர்றவன் வந்து பாய விரிக்கறப்ப நான் எங்க படுக்கறது?”

“லெட்சுமி, வர்றவன்னு யாருமே இல்ல. அது நீதான்டி. மூணுமே நீதான்.”

பெட்டியை இழுக்கிற சத்தம் நின்றது.

“எனக்கு மீசையா இருக்கு?”

“பத்திரிகைக்காரங்க மாத்திட்டாங்க. நான் அப்படி எழுதல.”

“மந்திரி பேசுறத ஒரு எழுத்து விடாம போடுறாங்க. ஒன்னோடத மட்டும் ஒக்காந்து மாத்துறாங்களா? பொய்யின்னா அச்சுல வருமா?” லெட்சுமியின் குரல் உடைந்தது. “சீட்டி... நான்தான் நெனச்சேன், அது ஒண்ணாவது எனக்கும் ஒனக்கும்னு. அதையும் எவனுக்கோ குடுத்திட்ட. சரி, நீ எழுதுனதக் காட்டு. சின்னத்தாயக்காவ படிக்கச் சொல்றேன்.”

“நகல் வெக்கலடி. எழுதுன தாள அனுப்பிட்டேன். மனசுல இருக்கு, சொல்லட்டுமா?”

“மனசுல இருக்கறத இப்பகூட மாத்திச் சொல்லலாமே. போடி.”

அச்சில் வந்தது பொய்யாகாது. எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், நான் உட்பட. வாயால் சொன்னதை மறுக்கலாம், கையால் எழுதியதை மறுக்கலாம், ஈய எழுத்தில் வந்ததை மறுக்க முடியுமா? நாகமணி எவனையோ மறைக்கப் பார்க்கிறாள், கூட்டாளியைச் சமாதானப்படுத்த ஏதோ உளறுகிறாள் என்று முடிவு செய்துகொண்டு நான் சோறு பொங்கப் போனேன்.

புதன்கிழமை நாகமணி ஆயக்கொட்டகைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. “நாளைக்கி கோலாலம்பூர் போறேன்க்கா. பத்திரிகை ஆபீசுக்கு. தாளை வாங்கிட்டு வரணும். தனியா போனதில்ல. வரியா?”

வியாழக்கிழமை இருவரும் வேலைக்குப் போகவில்லை. மதார் சாகிபு கடை முன்னால் பேருந்துக்கு நின்றோம். கடைக்காரரை நாங்கள் காக்கா என்போம். அவர்கள் வீட்டு வழக்கில் அண்ணன் என்று பொருள். காக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பசியாறிட்டுப் போங்க தங்கச்சி. பெரிய ஊர்ல வெறும் வயித்தோட யார்கிட்டயும் பேசாதீங்க, அழுகதான் வரும்” என்றார். எதற்குப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

பேருந்தில் ஈஜோக் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டுவிட்டேன். “நெசமாவே லெட்சுமியா?”

“ஆமாக்கா.”

“கூட்டாளியாத்தானே?”

நாகமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “நீ ஒங்க வீட்டுக்கார அண்ணன நெனைக்கிற மாதிரி.”

“நான் எங்கடி அவர நெனைக்கிறேன்?”

“அப்ப அதவிட ஜாஸ்தி.”

எனக்குக் காது சூடானது. சுங்கை பூலோ வரை நான் அவளோடு பேசவில்லை. கோபம்தான். எதன் மேல் கோபம் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதற்கென்று எங்களிடம் இருந்த சொற்கள் எல்லாமே வசவுகள். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நாகமணி பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாந்தி வந்துவிடுமோ என்ற பயத்தில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தாள். என் கோபம் அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துத்தான் இறங்கியது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

பத்திரிகை அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஞாயிறு பதிப்பைப் பார்த்துக்கொண்டவர் தனபாலன் என்பவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பெயரைச் சொன்னதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“கோலா சிலாங்கூர் நாகமணியா! வாங்கம்மா, வாங்க. நாட்டுல எத்தனையோ பேர் நிலாவையும் தென்றலையும் பத்தி எழுதுறாங்க. ஒழுகுற கூரையையும் காட்டுப் பனியையும் பத்தி எழுதுறவங்க நீங்க ஒருத்தர்தான்.”

நாகமணி அந்தப் பாராட்டுக்காக எத்தனை ஞாயிறு ஏங்கியிருப்பாள். அன்று அது அவள் காதில் விழவில்லை. “நான் எழுதுன தாளு வேணும் சார்” என்றாள்.

படைப்புகள் திருப்பித் தரப்பட மாட்டா என்பது அவர்கள் விதி. ஒவ்வொரு ஞாயிறும் அதை அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான தாள்கள் அச்சுக் கோத்ததும் குப்பைக்குப் போய்விடுமாம். ஆனால் தனபாலன் இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் கோப்பை எடுத்தார். அதில் நாகமணியின் மூன்று தாள்களும் இருந்தன. பிடித்துப்போனதால் எடுத்து வைத்திருக்கிறார். அவரைத் திட்ட வேண்டும் என்று பேருந்திலேயே வாக்கியம் தயாரித்து வைத்திருந்த எனக்கு அது பெரிய இடைஞ்சலாகப் போய்விட்டது.

முதல் தாளை நான் வாங்கிப் பார்த்தேன். நீல மையில் நாகமணியின் கையெழுத்து:

*விளக்கேற்றாமலே என் காலுறையைக்*
*கண்டுபிடித்துத் தருகிறாய்.*
*பின்னாத கூந்தலை வாயில் கவ்விக்கொண்டு*
*எனக்குத் தேநீர் ஆற்றுகிறாய்.*
*இருட்டில் உன் கைகள்*
*என் கண்களைவிட நன்றாகப் பார்க்கின்றன.*

இதன் மேல் சிவப்பு மை. கூந்தலை அடித்துவிட்டு மீசை. ‘எனக்குத் தேநீர் ஆற்றுகிறாய்’ என்பதை அடித்துவிட்டு ‘நான் ஆற்றிய தேநீரை அருந்துகிறாய்’. மீசை முளைத்ததுமே அந்தாள் அடுப்படியைவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டான் பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன் சார் மாத்துனீங்க?” என்று நாகமணி கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மொத கவிதைல, வேகத்துல ஏதோ தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்மா. ஒரு பொண்ணு காதல் கவிதை எழுதுனா அது ஆம்பளையப் பத்தித்தானே இருக்கும்னு திருத்திட்டேன். ரெண்டாவதுல சந்தேகம் வந்திச்சு. மூணாவதுல...” நிறுத்தினார். “மூணாவதுல தெரிஞ்சேதான் செஞ்சேன். அப்படியே போட்டிருந்தா ஒங்கள அந்தத் தோட்டத்துல இருக்க விடுவாங்களா? என்னையும் இங்க இருக்க விடமாட்டாங்க. ஆனா போடாம விடவும் மனசு வரல. நீங்க அங்க நிம்மதியா இருக்கணும்னுதான்.”

“இப்ப அவ இருக்க மாட்டேங்கறா சார்” என்றாள் நாகமணி. “சனிக்கெழம போறா.”

அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் சிவப்புப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு மூன்று தாள்களையும் ஒன்றாக மடித்துப் புது உறையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டினார்.

“இத இப்படியே அச்சுல போட எனக்குத் தைரியம் இல்லம்மா. தப்பா நெனைக்காதீங்க.”

“பரவால்ல சார். படிக்க வேண்டியது ஒருத்திதான்.”

படி இறங்கும்போது நாகமணி அழுதாள். தாள் கிடைத்த சந்தோஷம் மட்டும் இல்லை அது. தன் கவிதை அச்சில் வருவதை அவ்வளவு ஆசைப்பட்டவள், இனி இது வராது என்று தெரிந்துகொண்டு இறங்கினாள். எனக்கு அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியது. அணைத்துக்கொண்டேன். சாலையில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அந்த மூன்று கவிதைகளும் இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் அப்படியே வரவில்லை.

நாங்கள் பேருந்தைவிட்டுச் செம்மண் சடக்கில் இறங்கி நடந்து லயத்துக்கு வந்து சேரும்போது மணி ஐந்தரை இருக்கும். லெட்சுமி அடுக்களையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டி கூடத்தில் மூடிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. நாகமணி உறையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் கவிதை அனுப்பத் தெரிந்தவளுக்கு ஒரே ஒரு ஆள் முன்னால் நிற்கத் தெரியவில்லை.

“என்னாக்கா இது?” என்றாள் லெட்சுமி என்னிடம்.

“அவ எழுதுனது. படிச்சுக் காட்டவா?”

“சிவப்பா கெடக்கே?”

“அது வேற ஆளு எழுதுனது.”

லெட்சுமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் சிவப்பை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் படித்தேன். வாழ்நாளில் எத்தனையோ ஞாயிறு சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன். அன்று என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்துபோயிருந்தது. தேநீர்க் கவிதையைக் கேட்டதும் அவள் தலைமயிரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டாவதை எடுத்தேன்.

*மழை நாள். வேலை இல்லை.*
*ஒழுகும் இடம் பார்த்துப் பார்த்து*
*ஒரே பாயை நகர்த்துகிறோம்.*
*ஒவ்வொரு முறையும்*
*கொஞ்சம் நெருங்கி.*

“பாய நகர்த்துனது முழுக்க அவதான்” என்றாள் லெட்சுமி. “நான் தூங்கிட்டேன்.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் தூங்கியிருக்கவே மாட்டாள் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

மூன்றாவது.

*பனி மூடிய காட்டில் உன்னைக் காணோம்.*
*ஒரு சீட்டி வருகிறது.*
*எந்த மரத்தில் நிற்கிறாய் என்று*
*எனக்குத் தெரிந்துவிடுகிறது.*
*பொம்பளை சீட்டியடிக்கலாமா என்கிறார் மண்டோர்.*
*அடி.*
*நீ அடித்தால்தான்*
*எனக்கு விடிகிறது.*

லெட்சுமி என்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். நான்காவது தடவை படித்து முடித்தபோது அவள் முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“ஆறு வருசமா பக்கத்துலதான் படுத்திருக்கேன்க்கா. இத எங்கிட்ட சொல்றதுக்குக் கோலாலம்பூருக்குத் தபால் போடணுமா?”

“கேளு அவள.”

“கேக்காம விடுவேனா? மொதல்ல எனக்கு ஒரு தந்தி எழுதிக் குடு. அண்ணன் வர வேணாம்னு.” எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்தாள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எதையோ தேடினாள். “எம்பேரு எங்கக்கா இருக்கு இதுல?”

நானும் தேடிப் பார்த்தேன். ‘நீ’ என்றுதான் இருந்ததே தவிர எங்கேயும் பெயர் இல்லை. அதைச் சொன்னேன்.

லெட்சுமி தாளைப் பிடித்தபடியே குழாயடிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க நான் என்ன மகானா? நாகமணி கல்லின் மேல் உட்கார்ந்து, கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எம்பேர ஏன்டி எழுதல?”

நாகமணி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு உயரமான பெண் அன்று சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். “எழுதுனா போட மாட்டாங்க லெட்சுமி.”

“எழுதாமயுந்தான் போடல. எழுது.”

என் கைப்பையில் பிள்ளைகள் வருகை எழுதுகிற பேனா இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நாகமணி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, குழாயடிக் கல்லில் தாளை வைத்து, அத்தனை சிவப்புக்கும் மேலே இடம் பார்த்து எழுதினாள். மை கொஞ்சம் பரவியது. லெட்சுமி அதைக் கையில் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். மாதா மாதம் சம்பளப் பட்டியலில் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரே சொல் அது. அதைப் படிக்க அவளுக்கு நான் தேவைப்படவில்லை.